எதிரொலி உணரி தவறாகக் காட்டும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

ஓர் அலையை அனுப்பி, அது ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் வரை ஆகும் நேரத்தை எண்ணி, அந்த நேரத்தை அலையின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் பொருளின் தூரம் கிடைத்துவிடும். வௌவால் இருட்டில் பூச்சியைப் பிடிப்பதும், கப்பலின் சோனார் கடலடியின் ஆழத்தைச் சொல்வதும், விமான நிலையத்து ரேடார் வானூர்தியைக் காண்பதும், பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகள் செய்பவரின் மேசையில் உள்ள சிறிய மீயொலி (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி) சென்சார், அதாவது உணரி, சுவரின் தூரத்தைக் காட்டுவதும் இந்த ஒரே கணக்கின்படிதான்.

கணக்கு எளிது என்பதாலேயே, தவறான எண் வரும்போது நம் சந்தேகம் முதலில் சென்சாரின் மேல் விழுகிறது. பல ஆண்டுகளாக இந்தச் சென்சார்களோடு பழகியதில், பழுதடைந்த சென்சாரை நான் கண்டது மிகக் குறைவு. பெரும்பாலான நேரங்களில் சென்சார் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். அது தூரத்தை அளப்பதே இல்லை. நேரத்தை மட்டுமே அளக்கிறது. அந்த நேரத்தில் அலை எந்த வழியாகப் போனது, என்ன வேகத்தில் போனது, எந்தத் துடிப்பில் கிளம்பியது என்ற மூன்றையும் நாம்தான் ஊகித்துக்கொள்கிறோம். தூரம் தப்பினால் இந்த மூன்று ஊகங்களில் ஒன்று தப்பியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடத் தொடங்குவதே விரைவான வழி.

பரவலாகக் கிடைக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற சென்சாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே எழுதுகிறேன். அளவைத் தொடங்கச் சொல்லும் அதன் டிரிகர் முனைக்கு 10 மைக்ரோநொடி நீளமுள்ள ஒரு துடிப்பைக் கொடுத்தால், அது 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எட்டு அலைகளை அனுப்பிவிட்டு, பதிலைத் தெரிவிக்கும் எக்கோ முனையின் மின்னழுத்தத்தை உயர்நிலைக்குக் கொண்டுபோகிறது. எதிரொலி திரும்பியதும் அதைத் தாழ்நிலைக்கு இறக்குகிறது. உயர்நிலை நீடித்த மைக்ரோநொடிகளை 58-ஆல் வகுத்தால் செ.மீ. கணக்கில் தூரம் வரும் (ஒலியின் வேகமும் பாதியாக்குவதும் இந்த 58-இலேயே அடக்கம்). அதன் எல்லை 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை என்று தரவுத்தாள் சொல்கிறது. நான்கு மீட்டர் என்பது பெரிய, சமதளமான, நேருக்கு நேர் நிற்கும் பரப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன்

உங்கள் கருவி இருக்கும் இடத்தில் சோதிக்க வேண்டாம். சென்சாரை ஒரு மேசையின் விளிம்பில், தரையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். அதற்கு நேர் எதிரே, அளவு நாடாவால் அளந்து சரியாக ஒரு மீட்டரில், பெரிய தடித்த அட்டை ஒன்றைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இங்கே 99-க்கும் 101-க்கும் இடையில் எண் வந்தால் சென்சாரும் கம்பிகளும் நிரலும் நலமாக உள்ளன. குறை நிறுவிய இடத்தில் இருக்கிறது. இங்கேயே எண் தப்பினால் முதல் மூன்று அறிகுறிகளைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை தேடும் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், அவசரத்தில் இதைத் தவிர்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

அறிகுறி: எண்ணே வரவில்லை, அல்லது எப்போதும் சுழியம் வருகிறது

இது பெரும்பாலும் அலையைப் பற்றிய சிக்கல் அன்று, மின்சாரத்தைப் பற்றியது. சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா என்று அதன் முனைகளிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். 3.3 வோல்ட்டில் ஓட்டினால் இந்த வகைச் சென்சார்கள் பல எழுவதே இல்லை. சில எழுந்தாலும் அருகிலுள்ளதை மட்டுமே காண்கின்றன. சென்சாருக்குத் தனி மின்வழங்கி வைத்திருந்தால், அதன் கிரவுண்டும் (0 வோல்ட் முனை) கட்டுப்பாட்டுப் பலகையின் கிரவுண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கம்பி விட்டுப்போனால் சுழியம்தான் வரும்.

சென்சார் ஒலி எழுப்புகிறதா என்று அறிய அலைவுகாட்டி (ஆசிலோஸ்கோப்) தேவையில்லை. 40 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதுக்கு எட்டாது என்றாலும், ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் எழும் மெல்லிய ‘டிக்’ ஒலியை அமைதியான அறையில் காதை அருகே வைத்தால் பெரும்பாலும் கேட்க முடியும். டிக் ஒலி கேட்டும் எண் வரவில்லையென்றால் எக்கோ கம்பியைப் பாருங்கள். டிக் ஒலியே இல்லையென்றால் டிரிகர் கம்பியையும் மின்வழங்கியையும் பாருங்கள்.

ஈ.எஸ்.பி.32, ராஸ்பெர்ரி பை போன்ற 3.3 வோல்ட் பலகைகளில் ஓர் எச்சரிக்கை தேவை. எக்கோ முனை 5 வோல்ட்டை வெளியிடுகிறது. அதை நேரடியாக இணைப்பது பலகையின் உள்ளீட்டு முனையைக் கெடுக்கக்கூடும். 1 கிலோஓம், 2 கிலோஓம் ஆகிய இரண்டு மின்தடைகளைத் தொடராக இணைத்து, 2 கிலோஓமின் குறுக்கே கிடைக்கும் 3.3 வோல்ட்டை எடுத்துப் பலகைக்குக் கொடுங்கள்.

அறிகுறி: எதிர்மறை எண் வருகிறது

என் முதல் கருவியின் திரையில் −474 செ.மீ. என்று வந்தபோது, ஒரு மாலை முழுவதும் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். கம்பிகளில் குறையே இல்லை. எதிரே எந்தப் பொருளும் இல்லாவிட்டால் இந்தச் சென்சார் எக்கோ முனையை ஏறக்குறைய 38 மில்லிநொடி, அதாவது 38,000 மைக்ரோநொடி, உயர்நிலையிலேயே வைத்திருக்கும். ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் சாதாரண முழு எண் மாறி 16 இருமங்கள் (பிட்டுகள்) கொண்டது. அதில் 32,767-க்கு மேல் அடங்காது. 38,000 என்ற எண் அதற்குள் போனதும் 65,536 கழிந்து −27,536 ஆகிறது. அதை 58-ஆல் வகுத்தால் −474. நேரத்தை வைத்திருக்கும் மாறியைக் குறியில்லாத 32 இரும வகையாக அறிவித்தால் சிக்கல் தீர்ந்துவிடும். அத்தோடு, 25,000 மைக்ரோநொடிக்கு மேல் வரும் எதையும் ‘எதிரே பொருள் இல்லை’ என்று நிரலிலேயே தனியாகக் கையாளுங்கள். பொருள் இல்லை என்பதும் ஒரு செய்தி; அதைத் தூரமாக மாற்றக் கூடாது.

அறிகுறி: எல்லா அளவுகளும் ஒரே போக்கில் கூடியோ குறைந்தோ வருகின்றன

ஏறக்குறைய இரு மடங்கு வந்தால், போய்வரும் வழியைப் பாதியாக்க மறந்திருக்கிறீர்கள். அதைத் தவிர்த்த சிறு பிழைகளைப் பிரித்தறிய இரண்டு தூரங்களில் அளக்க வேண்டும். ஒரே தூரத்தில் அளந்துவிட்டுத் திருத்த எண் ஒன்றைக் கூட்டிக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு.

அட்டையை 50 செ.மீ., 200 செ.மீ. ஆகிய இரு இடங்களில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு, எடுத்துக்காட்டாக 1.5 செ.மீ., கூடுதலாக வந்தால், நீங்கள் நாடாவை வைத்த புள்ளியும் சென்சாரின் முகமும் ஒன்றல்ல என்று பொருள். ஒரு மாறிலியைக் கழித்தால் போதும். மாறாக 50-க்கு 48.3, 200-க்கு 193.2 என்று வந்தால், பிழை தூரத்தோடு சேர்ந்து வளர்கிறது. அப்போது தப்பியிருப்பது வேகம். காற்றில் ஒலியின் வேகம், செல்சியஸ் வெப்பநிலையை 0.606-ஆல் பெருக்கி 331.3-ஐக் கூட்டினால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும்: 20 பாகை செல்சியஸில் 343.4, 40 பாகை செல்சியஸில் 355.5. நிரல் 20 பாகைக்கு எழுதப்பட்டு, அறை 40 பாகையில் இருந்தால் மேலே சொன்ன எண்கள்தான் வரும். காற்றழுத்தம் இந்த வேகத்தை மாற்றுவதில்லை. ஈரப்பதம் மாற்றுவது மிகச் சிறிதளவே. ஆகவே ஒரு வெப்பநிலைமானியைச் சேர்த்தால் போதும்.

மூடிய தொட்டியின் உள்ளே மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் வெப்பம் வேறுபடும் என்பதால், ஒரே ஒரு வெப்பநிலைமானி அங்கே ஏமாற்றலாம். தெரிந்த தூரத்தில் ஒரு சிறிய தகட்டைப் பொருத்தி, அதன் எதிரொலிக்கு ஆகும் நேரத்தைக்கொண்டே வேகத்தை அவ்வப்போது கணக்கிடுவது அதைவிட நேர்த்தியானது. ஆனால் எச்.சி.-எஸ்.ஆர்.04 முதலில் வரும் எதிரொலியை மட்டுமே சொல்லும். தகட்டுக்கென்று இன்னொரு சென்சார் வைக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: எதிரே பொருள் இருந்தும் சென்சாருக்குத் தெரியவில்லை

நம் கண்ணின் பழக்கம் நம்மை ஏமாற்றும் இடம் இது. வெள்ளைச் சுவரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது; ஆகவே எந்தக் கோணத்திலிருந்து ஒலியை அனுப்பினாலும் சுவர் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதற்குச் சுவரின் நுண்ணிய சொரசொரப்பே மலையும் பள்ளமுமாக இருப்பதால் அது எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 8.6 மில்லிமீட்டர். அந்த அலைக்கு நம் சுவர், பலகை, கண்ணாடி எல்லாமே முகம் பார்க்கும் ஆடியைப் போன்றவை. பட்ட கோணத்திலேயே மறுபக்கம் அனுப்பிவிடும்.

பலகையை 20 பாகை திருப்பினால், திரும்பும் அலை 40 பாகை விலகிப்போகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் அது சென்சாருக்கு 84 செ.மீ. பக்கவாட்டில் கடந்துவிடும். இதைக் கையாலேயே செய்து பாருங்கள். அட்டையை ஒரு மீட்டரில் பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், சில பாகைகள் வரை எண் அசையாமல் நின்று, பிறகு சட்டென்று அட்டை மறைந்து, பின்னாலுள்ள சுவரின் தூரம் திரையில் வரும். அட்டை அங்கேயே, உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்தக் காட்சியை ஒருமுறை நேரில் கண்டவருக்கு, சுவரைச் சாய்வாக நெருங்கும் எந்திர வண்டி ஏன் அதில் மோதுகிறது என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. ரேடாருக்குப் புலப்படாமல் பறக்க வேண்டிய போர் விமானங்களின் பரப்புகளைச் சாய்த்து அமைப்பதும் இதே தத்துவத்தால்தான்.

தீர்வு இரண்டு வகை. சென்சாரை மாற்ற முடிந்தால், வெவ்வேறு கோணங்களில் இரண்டு மூன்றை வையுங்கள். பொருளை மாற்ற முடிந்தால், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தகடுகளால் ஆன மூலை ஒன்றை அதில் பொருத்துங்கள். அந்த மூலை, தன் திறந்த பக்கத்தில் எந்தக் கோணத்தில் அலை வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். சிறு படகுகள் பெரிய கப்பல்களின் ரேடாரில் தெரிவதற்காகக் கம்பத்தில் கட்டிக்கொள்ளும் எதிரொளிப்பான் இந்த வடிவமே.

கோணம் சரியாக இருந்தும் தெரியவில்லையென்றால் பொருளின் தன்மையைப் பாருங்கள். கெட்டித் திரை, கம்பளி, பஞ்சு, நுரைப்பஞ்சு ஆகியவை ஒலியை விழுங்கிவிடும். பொருள் இருக்கும் அதே இடத்தில், அதே கோணத்தில் அட்டையைப் பிடித்துப் பாருங்கள்: அட்டை தெரிந்து பொருள் தெரியாவிட்டால் குறை பொருளின் பரப்பில் உள்ளது, அட்டையும் தெரியாவிட்டால் குறை வழியில் உள்ளது.

பொருள் சிறிதாக இருந்தால் தூரம் மிகக் கடுமையாகத் தண்டிக்கும். போகும் அலையும் விரிந்து மெலிகிறது, திரும்பும் அலையும் விரிந்து மெலிகிறது. இரண்டும் சேர்ந்து, தூரம் இரு மடங்கானால் எதிரொலியின் திறன் 16-இல் ஒரு பங்காகிறது. ஒரு மீட்டரில் நன்றாகத் தெரிந்த கம்பி இரண்டு மீட்டரில் காணாமல் போவதற்கு இதுவே காரணம். அகலமான சுவர் ஆடியைப் போல முழுவதையும் திருப்புவதால் அது இவ்வளவு வேகமாக மங்குவதில்லை. சுவரில் சோதித்துவிட்டு, கம்பியும் அதே தூரம் வரை தெரியும் என்று நம்பிவிடக் கூடாது.

அறிகுறி: எதிரே எதுவும் இல்லாதபோது பொருள் இருப்பதாகக் காட்டுகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதற்குத்தான் காரணங்கள் அதிகம். அவற்றை ஊகித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து பார்ப்பதைவிட, ஒரு சோதனையால் பிரித்துவிடுவது நல்லது. சென்சாரை, காட்டும் திசையிலேயே, சரியாக 10 செ.மீ. முன்னே நகர்த்துங்கள். எண் எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் மாறவே இல்லை, அதுவும் சில செ.மீ. அளவிலேயே நிற்கிறது என்றால், அலை எதிரொலிக்கும் இடம் சென்சாரோடு சேர்ந்தே நகர்கிறது. பெட்டியின் துளை விளிம்பு, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, சென்சாரின் முகத்தில் படிந்த நீர்த்துளி ஆகியவற்றைத் தேடுங்கள். சென்சாரின் முகத்திலுள்ள இரண்டு வட்டுகளில் ஒன்று அலையை அனுப்பும், மற்றது வாங்கும். அலை அனுப்பிய வட்டு அதிர்ந்து ஓய்வதற்குள், அந்த அதிர்வே பெட்டியின் சுவர் வழியாக வாங்கும் வட்டுக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. இரண்டு வட்டுகளையும் மெல்லிய நுரைப்பஞ்சு வளையத்தால் சுற்றி, பெட்டியைத் தொடாமல் வைத்தால் இது நின்றுவிடும். ஒரே வட்டால் அனுப்பியும் வாங்கியும் செயல்படும் நீர்புகாச் சென்சார்களில், அதிர்வு ஓயும் வரை கேட்க முடியாது என்பதால், முதல் 20 செ.மீ. அளவுக்குக் குருட்டுப் பகுதி இருக்கும். அது குறையன்று, அமைப்பின் இயல்பு. சென்சாரைப் பின்னுக்குத் தள்ளி வைப்பதே வழி.

எண் 20 செ.மீ. குறைந்தால், அலை இருமுறை போய்வந்திருக்கிறது. பொருளில் பட்டு, சென்சாரின் பலகையிலோ அதன் பின்சுவரிலோ பட்டு, மீண்டும் பொருளில் பட்டு வரும் அலை, உண்மைத் தூரத்தைப்போல் இரு மடங்கைக் காட்டும். சென்சாரைச் சுற்றி நுரைப்பஞ்சை ஒட்டுங்கள்.

எண் சரியாக 10 குறைந்தால், அங்கே உண்மையிலேயே ஏதோ இருக்கிறது அல்லது பழைய துடிப்பின் எதிரொலி வருகிறது. உண்மையிலேயே இருக்கும் பொருளை நீங்கள் பார்க்காதிருக்கலாம், ஏனெனில் சென்சார் ஒரு கோட்டில் பார்ப்பதில்லை, கூம்பாகப் பார்க்கிறது. எதிரேயன்றி ஓரத்திலுள்ள மேசைக்காலோ கதவின் நிலையோ கூம்பின் விளிம்பில் சிக்கியிருக்கும். அவை ஓரத்தில் இருப்பதால், நீங்கள் 10 நகர்த்தினாலும் எண் 10-க்குச் சற்றுக் குறைவாகவே மாறும். கூர்ந்து பார்த்தால் இந்த வேறுபாடே ஓரத்துப் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய துடிப்பு என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு மீட்டரில் மெல்லிய கம்பம் ஒன்றும், அதன் பின்னே 4 மீட்டரில் சுவரும் இருப்பதாகக் கொள்வோம். நீங்கள் 20 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறீர்கள். முதல் துடிப்புக்குக் கம்பத்தின் எதிரொலி ஏறக்குறைய 6 மில்லிநொடியில் வந்ததும் சென்சார் அளவை முடித்துக்கொள்கிறது. அந்தத் துடிப்போ இன்னும் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது; அதன் எதிரொலி 23.3-ஆவது மில்லிநொடியில் திரும்புகிறது. அதற்குள் இரண்டாவது துடிப்பு கிளம்பி 3.3 மில்லிநொடி ஆகிவிட்டது. சென்சார் இரண்டாவது துடிப்பின் பதில் என்று நினைத்து 57 செ.மீ. என்று சொல்கிறது. அங்கே எதுவும் இல்லை. இப்போது இடைவெளியை 22 மில்லிநொடியாக மாற்றினால் அதே பொய்ப் பொருள் 23 செ.மீ.-க்குத் தாவும். உண்மைப் பொருள் துடிப்பின் இடைவெளியை மாற்றினால் நகராது. பொய்ப் பொருள் நகரும். இடைவெளியை 60 மில்லிநொடிக்கு மேல் வைக்கச் சொல்லும் தரவுத்தாளின் அறிவுரைக்குக் காரணம் இதுதான்.

ரேடாரிலும் இதே சிக்கல் உண்டு. நொடிக்கு 1,000 துடிப்பு அனுப்பும் ரேடார், 150 கிலோமீட்டருக்கு உட்பட்டதை மட்டுமே ஐயமின்றிச் சொல்ல முடியும். 180 கிலோமீட்டரிலுள்ள மலை அதன் திரையில் 30 கிலோமீட்டரில் நிற்கும். அங்கேயும் மருந்து ஒன்றே: துடிப்புகளின் இடைவெளியைச் சீராக வைக்காமல் மாற்றிக்கொண்டே இருப்பது. 1946 ஜனவரி 10 அன்று அமெரிக்கத் தரைப்படையின் பொறியாளர்கள் சந்திரனிலிருந்து ரேடார் எதிரலையைப் பெற்றபோது, பதில் வர ஏறக்குறைய 2.5 நொடி ஆனது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் பதிலுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

நகர்த்தியதற்கும் எண்ணின் மாற்றத்துக்கும் தொடர்பே இல்லையென்றால், கேட்பது உங்கள் அலையே அன்று. அனுப்பும் வட்டைத் தடித்த துணியால் முழுவதுமாக மூடுங்கள். அப்போதும் எண் வந்தால் பக்கத்திலுள்ள வேறொரு சென்சாரின் அலையோ, அழுத்தக் காற்று சீறும் ஒலியோ உள்ளே வருகிறது. காற்றுக் குழாயின் கசிவில் மீயொலி ஏராளமாக உண்டு. பல சென்சார்கள் இருந்தால் அவற்றை ஒரே நேரத்தில் இயக்காமல், ஒன்று கேட்டு முடித்த பிறகு அடுத்ததை இயக்குங்கள்.

அறிகுறி: எண் நிலைகொள்ளாமல் துள்ளுகிறது

எவ்வளவு துள்ளுகிறது என்பதைப் பாருங்கள். 4 அல்லது 5 மில்லிமீட்டர் படியாகத் துள்ளினால், எதிரொலி மெலிந்திருக்கிறது. சென்சார், வரும் அலை ஒரு குறிப்பிட்ட வலிமையைத் தாண்டும் கணத்தில் கடிகாரத்தை நிறுத்துகிறது. மெலிந்த எதிரொலியில் முதல் அலை அந்த வரம்பைத் தொடாமல் இரண்டாவது அலை தொடும். ஓர் அலைக்கு 25 மைக்ரோநொடி. தூரத்தில் அது 4.3 மில்லிமீட்டர். ஆகவே இந்தப் படி அளவைக் கண்டால் நிரலைத் திருத்த வேண்டாம். சென்சாரின் திசையைத் திருத்தி எதிரொலியை வலுப்படுத்துங்கள்.

மோட்டார் ஓடும்போது மட்டும் துள்ளினால் மின்வழங்கி தடுமாறுகிறது. சென்சாரின் மின்முனைகளுக்கு அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணையுங்கள். மோட்டாருக்கும் சென்சாருக்கும் தனித்தனிக் கம்பிகள் கொடுங்கள்.

எண் பெரும்பாலும் சரியாக வந்து, இடையிடையே ஒன்று மட்டும் வெகுதூரம் தாவினால் சராசரி எடுக்காதீர்கள். 84, 85, 84, 412, 85 என்ற ஐந்து அளவுகளின் சராசரி 150. அங்கே எந்தப் பொருளும் இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 85, அதுவே உண்மை. சராசரி, ஒரு பொய்யை எல்லா அளவுகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது.

அறிகுறி: தூரம் சரியாக உள்ளது, இடம் தவறாக உள்ளது

பொருள் இருக்கிறது என்று அறிவதும், அது எங்கே இருக்கிறது என்று அறிவதும் வேறு வேறு வேலைகள். 1904-இல் கிறிஸ்டியன் ஹுல்ஸ்மையர் என்ற ஜெர்மானியர் ரைன் ஆற்றுப் படகுகளை வானொலி அலையால் கண்டுபிடித்துக் காட்டினார். ஆனால் கப்பல் இருப்பதைச் சொன்ன அந்தக் கருவியால் அதன் தூரத்தை நேரடியாகச் சொல்ல முடியவில்லை. நம் சிறிய சென்சாரின் நிலை தலைகீழ்: தூரம் சொல்லும், திசை சொல்லாது.

சென்சாரை ஒரு சர்வோ மோட்டாரின் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) மேல் சுழற்றிப் படம் வரைபவர்கள், ஒற்றைக் கம்பம் ஒரு வில்லாக விரிந்து தெரிவதைக் கண்டு திகைப்பார்கள். கூம்பின் அகலம் 15 பாகை என்றால், இரண்டு மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 53 செ.மீ. அகலமானது. கம்பம் அந்தக் கூம்பின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே தூரம்தான் பதிவாகும். சுழலும் கூம்பு கம்பத்தைத் தொட்ட கோணத்திலிருந்து விட்ட கோணம் வரை வில் விரிகிறது. தொட்ட கோணத்தையும் விட்ட கோணத்தையும் குறித்து, நடுக்கோணத்தைக் கம்பத்தின் திசையாகக் கொள்ளுங்கள். கூம்பைக் குறுக்க வேண்டுமென்றால் வட்டின் விட்டம் அலைநீளத்தைப்போல் பல மடங்கு இருக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் வட்டு 8.6 மில்லிமீட்டர் அலைக்கு இரு மடங்குகூட இல்லை. கப்பல் ரேடாரின் அலைநீளம் 3 செ.மீ. என்றும், அதன் சுழலும் அலைவாங்கி 1.2 மீட்டர் நீளம் என்றும் கொண்டால், கற்றை இரண்டு பாகைக்கும் குறைவாக ஒடுங்கிவிடுகிறது.

இரண்டு சென்சார்களைப் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு தூரங்களின் வட்டங்கள் வெட்டும் புள்ளியைக் கணக்கிடுவது இன்னொரு வழி. கணக்கு சரி, ஆனால் சென்சார்களுக்கு இடையேயுள்ள தூரத்தைக் கஞ்சத்தனமாக வைத்தால் பலன் இருக்காது. 20 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கச் சென்சார் 100 என்றும் வலப்பக்கச் சென்சார் 96 என்றும் காட்டினால், பொருள் இடப்பக்கச் சென்சாரிலிருந்து 29.6 செ.மீ. வலப்புறம் தள்ளி உள்ளது. அந்த 100 பிழையாக 101 ஆனால், விடை 34.6 ஆகிவிடுகிறது: ஒரு செ.மீ. பிழை பக்கவாட்டில் ஐந்து செ.மீ. பிழையாகப் பெருகுகிறது. இடைவெளியை அகட்டுவதே இதற்குத் தீர்வு.

நீருக்கடியில் இதே அறிகுறிகள்

மேலே சொன்ன சென்சார்கள் காற்றுக்கு உரியவை; நீர்புகாத வகையையும் நீருக்குள் அமிழ்த்திப் பயன்படுத்த முடியாது. நீருக்குரிய ஆழமானிகளும் மீன்காட்டிகளும் தனி இனம். நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் போவதால், ஒரு மில்லிநொடிக்கு 75 செ.மீ. ஆழம் என்று கணக்கு மாறுகிறதே தவிர, பிழை தேடும் முறை மாறுவதில்லை.

படகு வேகமெடுக்கும்போது அடித்தளம் திரையிலிருந்து மறைந்தால், உணரியின் முகத்துக்கு அடியில் காற்றுக்குமிழ்கள் ஓடுகின்றன. ஒலிக்குக் குமிழ்த் திரை ஒரு சுவர். உணரியைச் சற்றுத் தாழ்த்திக் குமிழில்லாத நீருக்குள் கொண்டுவர வேண்டும். அடித்தளத்துக்கு அடியில், சரியாக இரு மடங்கு ஆழத்தில், இன்னோர் அடித்தளம் தெரிந்தால், அலை நீர்ப்பரப்பிலோ படகின் அடியிலோ பட்டு மீண்டும் கீழே போய் வந்திருக்கிறது. இதைக் குறையாக எண்ணி அணைத்துவிட வேண்டாம்: கீழே பாறையோ கெட்டி மணலோ இருக்கும்போதுதான் இரண்டாவது கோடு தெளிவாக வரும்; மென்சேறு முதல் அடியிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

இடையில் ஓர் அடித்தளம் தோன்றி, அது நேரத்துக்கேற்ப ஏறி இறங்கினால் கருவியைப் பழிக்காதீர்கள். 1942-இல் கலிபோர்னியக் கடலில் யூ.எஸ்.எஸ். ஜாஸ்பர் என்ற கப்பலில் சோனார் ஆய்வு செய்தவர்கள், ஆழ்கடலின் உண்மைத் தரைக்கு வெகு மேலே, சுமார் 300 மீட்டர் ஆழத்தில், எதிரொலிக்கும் ஓர் அடுக்கு விரிந்திருப்பதைக் கண்டார்கள். அது மாலையில் மேலே எழுந்து, விடியலில் கீழே இறங்கியது. உயிரினங்களின் பெருங்கூட்டம் இரவில் இரைக்காக மேலே வந்து போவதுதான் அது என்று பின்னர் தெளிவாயிற்று. சிறுமீன்களின் காற்றுப் பைகள் ஒலியை வலுவாகத் திருப்புகின்றன.

உங்கள் திரையில் தெரியும் இடைக்கோடு உயிருள்ளதா, பழைய துடிப்பின் பொய்க்கோடா என்பதை அறிய, கருவியின் ஆழ எல்லையை மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது துடிப்புகளின் இடைவெளியும் பெரும்பாலும் சேர்ந்து மாறும். பொய்க்கோடு உடனே வேறு ஆழத்துக்குத் தாவும். மீன்கூட்டம் தான் இருந்த ஆழத்திலேயே நிற்கும்.